முகவாதம் வந்த குழந்தைக்கு யோகா: எப்போது, எப்படி, எவ்வளவு

காலையில் பிள்ளை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு ஓரமாக வழிகிறது. டீ குடித்தால் ஸ்வெட்டரில் ஒழுகுகிறது. அம்மா நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது, ஒரு கண் மூடவே இல்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இப்படி நடந்தால் வீட்டில் எழும் முதல் பேச்சு, "பனிக்காத்து அடிச்சிருச்சு." அப்புறம் ஒத்தடம், எண்ணெய், யாரோ ஒருவர் சொன்ன பச்சிலை. இப்போதெல்லாம் கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது: "யோகா செஞ்சா சரியாகிடுமா?"

நீலகிரியில் பிள்ளைகளுக்கு யோகா சொல்லித் தருகிறேன். அந்தக் கேள்வியோடு வரும் பெற்றோரிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். யோகாவுக்கு இதில் இடம் உண்டு. ஆனால் அது மருத்துவர், கண் பாதுகாப்பு இரண்டுக்கும் பிறகு வரும் மூன்றாவது இடம். யோகா நரம்பைக் குணமாக்கும் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். பயந்துபோன பிள்ளையை ஆசுவாசப்படுத்தும், தூக்கம் வரவைக்கும், திரும்பி வருகிற அசைவை அவசரப்படுத்திக் கெடுக்காமல் காக்கும். அவ்வளவு செய்தாலே பெரிய உதவி. இந்த விஷயத்தில் நான் பார்க்கும் கெடுதல் முக்கால்வாசி அதிக ஆர்வத்தால் வருவது; பிள்ளையை முக்கி முக்கிச் செய்ய வைப்பதால் வருவது.

முதல் நாள்: மருத்துவமனை

முகத்தை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து கிளம்பும் ஏழாவது நரம்பு. காதுக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய எலும்புக் குழாய் வழியாக வருகிறது. அங்கே வீக்கம் வந்தால் விரிய இடமில்லை, நரம்பு நசுங்குகிறது, அந்தப் பக்க முகம் முழுக்கத் தளர்ந்துவிடுகிறது. காரணம் தெரியாமல் திடீரென்று இப்படி வருவதை மருத்துவர்கள் 'பெல்ஸ் பால்சி' என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நரம்பைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயர் அது. உடலில் உறங்கிக்கிடந்த வைரஸ் விழித்துக்கொள்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். குளிர்காற்றுதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதனால் குல்லா போடாமல் விட்டதற்காக அம்மாவைத் திட்டாதீர்கள்.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். பிள்ளையைப் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். கோணிய பக்கத்தில் நெற்றியும் சுருங்கவில்லை என்றால் அது முக நரம்புப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய் மட்டும் கோணி, நெற்றி இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சுருங்கினால் மூளையில் பிரச்சினை இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நெற்றி எப்படி இருந்தாலும் சரி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தாங்க முடியாத தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம், காதுக்குப் பின்னால் வீங்கிக் காய்ச்சல், முகத்தின் இரு பக்கமும் தளர்வு, தலையில் அடிபட்டிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். "சந்தை முடியட்டும், தோட்டத்துல சம்பளம் வரட்டும்" என்று தள்ளாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை தருவதென்றால் முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் வழக்கம். அதைவிட முக்கியம், பிள்ளைகளுக்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடும் என்பது. மலையில் சளி பிடித்துக் காதில் சீழ் கட்டுவது சாதாரணம். அந்தக் காது நோயே முக நரம்பைத் தாக்கலாம். காது மடலில் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் அது அக்கி வைரஸ். பிள்ளைகளில் அரிதாக ரத்த அழுத்தமும் ரத்தப் புற்றும்கூட முகவாதமாகத் தலைகாட்டும். அதனால் மருத்துவர் காதுக்குள் பார்த்தாரா, ரத்த அழுத்தம் எடுத்தாரா என்று தயங்காமல் கேளுங்கள். உதகை, குன்னூர், கொடைக்கானல் எல்லா இடத்திலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. மேற்கொண்டு பார்க்கச் சொன்னால் நீலகிரிக்காரர்கள் பெரும்பாலும் கோவைக்கு இறங்குவார்கள். காதுவலி இருக்கிற பிள்ளைக்கு மலைப்பாதையில் இறங்கும்போது வலி கூடும், வழியெல்லாம் மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போங்கள்.

ஒரு நல்ல செய்தி. பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 187 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மருந்து. ஒரு மாதத்தில் இரு தரப்பிலும் சுமார் பாதிப் பேருக்கு முழுக்கச் சரியானது. ஆறு மாதத்தில் இரு தரப்பிலும் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் தேறிவிட்டார்கள். ஸ்டீராய்டு வேண்டுமா வேண்டாமா என்பது மருத்துவர் முடிவு. கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். யோகா செய்த பிள்ளை ஆறு மாதத்தில் சரியானால் அந்தப் பெருமை முழுக்க யோகாவுக்குப் போகாது என்பதையும் இந்தக் கணக்கு சொல்கிறது.

கண்: இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்

முகம் தானாகத் திரும்பி வரும். காய்ந்து புண்ணான கருவிழி அப்படி வராது. மூடாத கண் இமைக்காது, கண்ணீர் பரவாது. மலைக்காற்று வேறு வறண்டு அடிக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் ஹீட்டர் போட்ட அறையிலும் காற்று காய்ந்துதான் இருக்கும். விறகடுப்புப் புகை அந்தக் கண்ணுக்கு ஆகவே ஆகாது.

பகலில் மருத்துவர் சொல்லும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு. தூங்கும்போது இமையை மூடி டேப் ஒட்டுவதை நர்ஸிடம் கையோடு கற்றுக்கொள்ளுங்கள். பஞ்சையோ துணியையோ பாதி திறந்த கண்மேல் நேராக வைக்கக் கூடாது, கருவிழியில் உரசும். வெளியே போகும்போது பவர் இல்லாத கண்ணாடி. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை இப்போதைக்கு வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதையும் கண்ணில் விடாதீர்கள். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவர்.

கண்ணை மூடச் சொன்னால் கருவிழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும். எல்லாருக்குமே மூடிய இமைக்குள் நடப்பதுதான் அது, இப்போது இமை மூடாததால் வெளியே தெரிகிறது. பாட்டிமார்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முதல் இரண்டு, மூன்று வாரம்: முகத்துக்கு ஓய்வு, மூச்சுக்கு வேலை

முகம் கொஞ்சமும் அசையாத நாட்களில் முகப்பயிற்சி வேண்டாம். செய்யச் சொன்னால் நல்ல பக்கம் மட்டும் இன்னும் இழுக்கும், பிள்ளை கண்ணாடியைப் பார்த்து அழும். இந்தக் காலத்துக்கு மூன்று விஷயம் போதும்.

ஒன்று, படுத்து மூச்சைக் கவனிப்பது. தரையில் கம்பளி விரித்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வையுங்கள். அதற்கு முன்னால் சொட்டு மருந்து விட்டு, இமையை மூடி டேப் ஒட்டிவிடுங்கள். வயிற்றின்மேல் ஒரு சின்னப் பொம்மையை வைத்து அது ஏறி இறங்குவதைச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம். மூச்சை அடக்கச் சொல்லக் கூடாது. காலைப் பனியில் எழுப்பி உட்கார வைக்காதீர்கள். வெயில் ஏறிய பிறகோ, ராத்திரி படுக்கப் போகுமுன்னோ செய்யலாம்.

இரண்டு, பிராமரி, அதாவது மூச்சை விடும்போது தேனீபோல ரீங்கரிப்பது. எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை உண்டு, ஆனால் புத்தகத்தில் இருக்கிறபடியே செய்ய முடியாது. கண்களை விரலால் அழுத்தக் கூடாது. காதில் நோய் இருந்தால் காதை அடைக்கக் கூடாது. இந்த நரம்பு காதுக்குள் ஒரு குட்டித் தசையையும் கட்டுப்படுத்துவதால் சில பிள்ளைகளுக்குச் சாதாரணச் சத்தமே பெரிதாகக் கேட்கும். அவர்களுக்கு மிக மெல்லிய ரீங்காரம், அதுவும் பிடித்தால் மட்டும்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து பாட்டியோடு வந்த நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மஃப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ம்ம்ம்" சொல்லு கண்ணு என்றேன். இடது உதட்டோரம் காற்று 'புஸ்' என்று வெளியேறியது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய ஆள்காட்டி விரலை எடுத்து அந்த உதட்டோரத்தில் அணைத்து வைத்தேன், அழுத்தவில்லை. பல்லைக் கடிக்காமல், உதட்டை மட்டும் சேர்த்து மறுபடி சொன்னபோது சத்தம் ஒரே சீராக வந்தது. "மிஸ், கன்னத்துக்குள்ள தேனீ சுத்துது" என்றாள். அந்த அதிர்வு நரம்பை வளர்க்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். தன் முகத்தைத் தொடவே பயந்திருந்த பிள்ளை அன்று தொட்டாள். மூச்சை நீளமாக விட்டதில் தோள் இறங்கியது. ஐந்தாறு ரீங்காரம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அதற்கு மேல் வேண்டாம்.

மூன்று, தடவுதல். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தளர்ந்த பக்கத்தில் புருவ நடுவிலிருந்து நெற்றியோரம்வரை, உதட்டோரத்திலிருந்து காதுவரை, விரல் நுனியால் மெதுவாக இரண்டு நிமிடம். நல்ல பக்கம் பாவம், இரண்டு பக்கத்து வேலையும் செய்து இறுகிக் கிடக்கும்; அங்கே கன்ன எலும்பிலிருந்து கீழ்நோக்கித் தளர்த்திவிடுங்கள். சுளுக்கு எடுப்பதுபோல அழுத்தி இழுப்பது, தாடையைத் துணியால் இழுத்துக் கட்டுவது இரண்டும் கூடாது. உணர்ச்சி குறைவு மாதிரி தோன்றும் கன்னத்தில் சூடான ஒத்தடம் கொடுத்துத் தோலைப் பொசுக்கிவிடாதீர்கள்.

அசைவு திரும்பும்போது: கண்ணாடி முன்னால்

பலருக்கும் மூன்று வாரத்துக்குள் ஏதோ ஒரு சின்ன அசைவு தெரியும். கன்னம் லேசாகத் துடிக்கும், அல்லது மூக்கோரம் ஒரு சுருக்கம் விழும். இப்போதுதான் முகப்பயிற்சி. முடிந்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவும் இருக்கிறது. ஊருக்குள் இருப்பவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் கேட்டால் பிசியோதெரபிக்கு வழி சொல்வார்கள்.

பிள்ளை முகம் முழுக்கத் தெரிகிற கண்ணாடி, நல்ல வெளிச்சம், நிமிர்ந்த முதுகு. தொடங்குமுன் மூன்று நீள மூச்சு. அப்புறம் ஒவ்வொன்றாக:

புருவத்தை மெல்லத் தூக்குவது. தளர்ந்த பக்கத்துக்கு விரலால் கொஞ்சம் கைகொடுக்கலாம்.

கண்ணை மூடுவது. முதலில் மடியைப் பார்க்கச் சொல்லுங்கள், பார்வை இறங்கினாலே இமை பாதி இறங்கிவிடும். மீதியை விரலின் பின்புறத்தால் மெல்ல மூடிவிட்டு, "இப்ப நீயே மூடி வச்சுக்கோ சாமி" என்று விரலை எடுங்கள். இறுக்கி மூடச் சொல்லாதீர்கள்.

பல் தெரியாத சின்னச் சிரிப்பு. இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். பிள்ளை பெரிதாகச் சிரித்தால் நல்ல பக்கம் காதுவரை ஓடிவிடும், மறுபக்கம் பின்னால் நிற்கும். நல்ல பக்கத்தைக் காத்திருக்கச் சொல்லுங்கள். தளர்ந்த பக்கம் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் இரண்டு பக்கமும். ஒரு நூல் அளவு அசைந்தாலும் இரு பக்கமும் சமமாக அசைந்தால் அது சரியான பயிற்சி.

அப்புறம் 'ஊ', 'ஈ', 'ப', 'ம' என்று மெதுவாகச் சொல்வது. உதட்டோரத்தில் விரல் அணைப்பு இருக்கலாம்.

ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து தடவை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. பிள்ளை மூச்சை அடக்கினாலோ கழுத்து நரம்பு புடைத்தாலோ அது அதிகம். நிறுத்தி மூச்சுக்குத் திரும்புங்கள். ஐந்து வயதுக்குக் கீழே கண்ணாடிப் பயிற்சி நடக்காது. அவர்களுக்குப் பூவை மோப்பது, பாட்டிக்கு முத்தம் கொடுப்பது, சோப்புக் குமிழி மெல்ல ஊதுவது போதும்.

'முக்காதே' என்று நான் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நசுங்கிய நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளர்ந்து திரும்புகிறது. கடுமையாகச் சேதமடைந்திருந்தால், திரும்பும் இழைகள் வழிமாறி வேறு தசையில் போய்ச் சேர்ந்துவிடலாம். பிறகு சிரித்தால் கண் மூடும், கண்ணை மூடினால் வாயோரம் இழுக்கும், ஒரு சுவிட்சைப் போட்டால் இரண்டு விளக்கு எரிகிற மாதிரி. இது பெரும்பாலும் சில மாதங்களுக்குப் பிறகு தலைகாட்டும். முகத்தை முழு வேகத்தில் முக்கி அசைக்கும் பழக்கம் இதை இன்னும் ஆழமாகப் பதித்துவிடும் என்று முகப் பயிற்சியில் தேர்ந்த சிகிச்சையாளர்கள் எச்சரிக்கிறார்கள். சிரிக்கும்போது அந்தக் கண் சிறிதாவதைக் கண்டால் பயிற்சியின் அளவைக் குறைத்து பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். 'கரண்ட் வைப்பது', அதாவது முகத் தசைக்கு லேசான மின்சாரம் கொடுப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதனால் பயன் உண்டென்று உறுதியாகவில்லை. உங்கள் பிள்ளைக்கு எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

பலூன் ஊதுவதும் சூயிங் கம் மெல்லுவதும் ஊர் முழுக்கச் சொல்லப்படும் வைத்தியம். பலூன் ஊதினால் நல்ல பக்கம்தான் வேலை செய்யும், தளர்ந்த கன்னம் உப்பிக்கொள்ளும். மெல்லும் தசைக்கு வேறு நரம்பு, அதனால் சூயிங் கம்மில் பலனில்லை. சிம்மாசனத்தைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், நாக்கை நீட்டிக் கர்ஜிக்கலாமே! ஆனால் அது முகத்தின் முழு பலத்தையும் ஒரே நேரத்தில் கேட்கிற ஆசனம். முழுக்கத் தேறி, மருத்துவர் சரி என்ற பிறகு வைத்துக்கொள்ளலாம். இமைக்காமல் சுடரைப் பார்க்கும் திராடகம் காய்ந்த கண்ணுக்கு எதிரி. மூச்சை வேகமாகத் தள்ளும் கபாலபாதி, பஸ்திரிகா வேண்டாம். சர்வாங்காசனம், சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்கள் கண்ணும் காதும் சரியாகும்வரை வேண்டாம். காது நோய் இருக்கும்போது மூக்கைத் தண்ணீரால் கழுவும் ஜலநேதி கூடாது.

உடம்புக்கு நேராக நிற்கும் தாடாசனம், பூனை ஆசனம், ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். கையைத் தூக்கும்போது மூச்சு உள்ளே, இறக்கும்போது வெளியே. ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்று என்று யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் வந்தவர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். உதாரணமாக, மண்டியிட்டு முன்னால் குனியும் பாலாசனத்தில் நெற்றியைத் தரையில் வைத்தால் மூடாத கண் கம்பளியில் உரசும். இரண்டு கைகளையும் விரல் மடக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அதன்மேல் நெற்றியை வைக்கச் சொல்லுங்கள், கண்ணுக்கு இடம் கிடைத்துவிடும்.

சாப்பாடும் பள்ளிக்கூடமும்

தளர்ந்த கன்னத்துக்குள் சோறு தங்கும், பிள்ளைக்குத் தெரியாது. சாப்பிட்டதும் விரலால் துழாவி வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள். தண்ணீரை நல்ல பக்கமாகச் சிறு மடக்காகக் குடிக்கட்டும். நாக்கில் ருசி மாறியிருப்பதால் "குழம்பு நல்லால்ல" என்றால் அடம் என்று நினைக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்புமுன் வகுப்பாசிரியரிடம் பேசிவிடுங்கள். இது தொற்றாது, கண்ணாடி போட்டிருக்கும், சொட்டு விட வேண்டும், கொஞ்ச நாளைக்குக் குழுப் போட்டோவில் நிற்கக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று நாலு வார்த்தை. 'கோணவாயன்' என்று ஒரு பையன் கூப்பிட்டால் அதை ஆசிரியர் அன்றே நிறுத்த வேண்டும். யார் கேட்டாலும் சொல்வதற்குப் பிள்ளைக்கே ஒரு பதிலைச் சொல்லிக் கொடுங்கள்: "முகத்து நரம்பு வீங்கியிருக்கு, சரியாயிட்டு இருக்கு." நான் பார்த்தவரை, பதில் கையில் இருக்கிற பிள்ளை மஃப்ளரைச் சீக்கிரம் கழற்றிவிடுகிறது.

எப்போது மறுபடி மருத்துவர்?

மூன்று வாரத்தில் கொஞ்சமும் அசைவில்லை, மூன்று மாதமாகியும் முழுதாகச் சரியாகவில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது, இன்னொரு தடவை வந்துவிட்டது: இவற்றில் எதுவானாலும் யோகாவைக் கூட்டிப் பார்க்காதீர்கள். நோய் என்ன என்பதையே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

பிறவியிலேயே முக நரம்பு வேலை செய்யாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன காலக்கணக்கு பொருந்தாது. மாவட்டத்தில் உள்ள ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தில் காட்டினால் கண், பேச்சு, உணவு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வழி கிடைக்கும். தொடைத் தசையை எடுத்து முகத்தில் வைத்துச் சிரிப்பு வரவைக்கும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. ஐந்தாறு வயதில் அதைப் பற்றி மருத்துவரிடம் பேசத் தொடங்கலாம். யோகா வகுப்பில் அந்தப் பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்தே உட்கார வையுங்கள். முகத்தைத் திருத்தும் பயிற்சி எதுவும் தராதீர்கள். மற்ற பிள்ளைகள் செய்யும் ஆசனங்களே அவர்களுக்கும். கண்ணுக்குச் சொட்டு விட மட்டும் நடுவில் ஒரு இடைவெளி கொடுங்கள்.